இடது பின்கதவு

எங்கள் வண்டிக்கு ஒன்பது வயது. மூன்று கதவுகள் சலசலக்கின்றன. மேட்டில் ஒன்று, பள்ளத்தில் ஒன்று, வண்டி நின்ற பிறகும் முனகுகிற மூன்றாவது என் பக்கத்துக் கதவு. இடது பின்கதவு மட்டும் வாயைத் திறப்பதில்லை.

மாற்றிவிடலாம் என்று வீட்டில் பேச்சு. மகள் ஒரு அட்டவணை போட்டு அனுப்பியிருக்கிறாள். ஏழு கம்பெனிகள், பதினோரு வண்டிகள். மோதவிட்டுப் பார்த்ததில் எதற்கு எத்தனை நட்சத்திரம், எதன் தகடு கனம், எது வாங்கிய வருடமே கராஜுக்குத் திரும்பியது என்று யார் யாரோ எழுதிய புலம்பல்கள். இரண்டு வாரமாக அதிலேயே கிடக்கிறேன். வீடியோவில் ஒருவன் விரல் முட்டியால் கதவைத் தட்டுகிறான். இன்னொருவன் பானெட்டின் மேல் ஏறி உட்கார்ந்து, குழிகிறதா பாருங்கள் என்கிறான். ஒரு வண்டியை முடிவு செய்துவிட்டுப் பல் துலக்கப் போனால், வாய் கொப்பளிப்பதற்குள் அது வேண்டாம் என்றாகிவிடுகிறது. மேசைக்கடியில் என் வலது கால் ஆடுகிறது. ஆடிக்கொண்டே இருக்கிறது.

இந்தக் காலைப் பார்த்து ஒருத்தர் முன்பு சொன்னார்: "சார், உங்களுக்கு இன்ஜின் மவுண்ட்டு போயிருக்குது. வண்டி நின்னுகினே ஆடுது பாருங்க."

சிரித்துக்கொண்டு சொல்லவில்லை. டார்ச் அடித்துப் பார்த்துவிட்டுச் சொல்வது போலச் சொன்னார்.

நீலசந்திராவில் ஆறு வருடம் நாங்கள் மாடியில் குடியிருந்தோம், அவர் கீழ் வீட்டில். தெருவுக்கே அக்கா, எனக்கும் அக்கா. அத்திபெலேயில் ஒரு யார்டில் வேலை. ஒரே முதலாளிக்கு மூன்று கம்பெனிகளின் ஷோரூம்கள் இருந்தன. மூன்றுக்கும் வருகிற புது வண்டிகள் ட்ரெய்லரில் வந்து அந்த யார்டில்தான் இறங்கும். இறங்கிய வண்டியை யாராவது ஒருவர் சுற்றிவந்து பார்த்தாக வேண்டும். அதுதான் அக்காவின் வேலை. குறை கண்டால் மஞ்சள் ஸ்டிக்கர் ஒட்டுவார். குறை இல்லையென்றால் ஒரு சீட்டு, சீட்டின் மூலையில் ஒரு வட்டம், வட்டத்துக்குள் தன் பெயரின் முதல் எழுத்து. அந்தச் சீட்டு இல்லாமல் ஒரு வண்டியும் கேட்டைத் தாண்டாது.

ஒருமுறை சும்மா பார்க்கலாம் என்று கூடப் போனேன். ஓரிடத்தில் நிற்கவே மாட்டாதவன் என்பதால், எல்லாமே அசையாமல் நின்ற அந்த யார்டு எனக்குப் பிடித்துவிட்டது. கண்ணுக்கெட்டிய தூரம் வரிசை வரிசையாக வண்டிகள், எல்லாவற்றின் முகத்திலும் வெள்ளைப் படலம், அதன்மேல் கல் லாரிகள் கிளப்பிவிட்டுப் போன புழுதி. இன்னும் எந்த வீட்டுச் சண்டையையும் கேட்காத வண்டிகள். நடுவில் காக்கிச் சட்டை மாட்டிய ஒரு பெண், பேசாமல், ஒன்றைச் சுற்றி இன்னொன்றைச் சுற்றி.

அவருடைய சாமான்கள் மூன்றுதான். யார்டு கொடுத்த டார்ச். கழுத்தில் தொங்கும் ஐ.டி. கார்டு, பானெட்டுக்கும் விளக்குக்கும் நடுவில் இருக்கிற சந்தில் அதன் ஓரத்தைச் செருகுவார், இடது பக்கம் நுழைந்த அளவு வலது பக்கமும் நுழைய வேண்டும். மூன்றாவது, அன்று காலை வந்த பஸ்ஸின் டிக்கெட். கதவைத் திறந்து, ரப்பர் படுகிற இடத்தில் டிக்கெட்டை வைத்து, கதவைச் சாத்தி, வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் நுனியைப் பிடித்து மெல்ல இழுப்பார். கண்ணை மூடிக்கொள்வார் அப்போது. தடையில்லாமல் வந்துவிட்டால் அந்த இடத்தில் ரப்பர் பிடிக்கவில்லை, மழையில் தண்ணீர் வரும். இறுக்கிப் பிடித்துக்கொண்டு, அரை மனதாக விட்டுக்கொடுத்து வந்தால் சரி. ஒரு கதவுக்கு ஆறு இடம், ஒரு வண்டிக்கு நாலு கதவு. மாலைக்குள் டிக்கெட் பஞ்சாகிவிடும்.

"எவ்வளவோ மெஷின் இருக்கும், டிக்கெட்டா அக்கா?"

"மெஷின் ஃபேக்டரில இருந்துச்சு சார். அதையும் தாண்டி வந்துட்டதத்தான நான் பாக்கறேன்."

மூன்று கம்பெனிகளையும் அவர் ஒருநாளும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. ஒன்று கணக்கு டீச்சர். "தகடு மெல்லிசு. ஆனா நூறு வண்டி வந்தா நூறும் ஒண்ணு. கோடு போட்ட மாதிரி." இரண்டாவது பயில்வான். "கதவச் சாத்துனா கோட்டக் கதவு மாதிரி இருக்கும். உள்ள ஒயர் எல்லாம் எங்க போவுது எங்க வருதுன்னு அவனுக்கே தெரியாது. ஒரு வண்டி மாதிரி இன்னொண்ணு இருக்காது." மூன்றாவது கல்யாண மண்டபம். "முன்னாடி லைட்டு, ஸ்க்ரீனு, ஏசி. கால் வெக்கற மேட்டத் தூக்கிப் பாருங்க, பின்பக்கம் பாத்திரம் கழுவற இடம் மாதிரி."

"அப்ப எதுதான் நல்ல வண்டி?"

"எந்தக் கம்பெனின்னு கேக்காதீங்க சார். எந்த வண்டின்னு கேளுங்க. நம்பர் சொல்லுங்க, நான் போய்ப் பாத்துட்டு வந்து சொல்றேன்."

தெருவில் யார் புது வண்டி வாங்கினாலும் முதலில் வண்டியின் சேஸிஸ் நம்பர் அக்காவிடம் போகும். அவர் வந்து சொல்கிற சொல் எப்போதும் ஒன்றுதான்: "இதுவரைக்கும் ஒண்ணும் தெரியல." அதற்கு மேல் பாராட்டு அவர் வாயில் கிடையாது. வண்டிக்கு மட்டுமல்ல. எதிர்வீட்டில் பெண் பார்க்க வந்துவிட்டுப் போனார்கள். பெண்ணின் அம்மா ஆசையாகக் கேட்டாள், மாப்பிள்ளை எப்படிக்கா என்று. "வெளிய ஃபினிஷிங் சக்கத்தா, ஜோரா இருக்குது. ஓட்டிப் பாத்தாத்தான் தெரியும்." ஒரு மாதம் அந்த வீட்டோடு பேச்சு இல்லை. அவர் அசரவில்லை. "பொய் சொல்லி ஓகே போடச் சொல்றியா?" என்று தெருக்குழாயடியில் கேட்டார்.

நாங்கள் அங்கிருந்து மாறி ஓசூர் ரோடு பக்கம் ஒரு ஃபிளாட்டுக்கு வந்தோம். அப்பாவும் எங்களோடு. அரசாங்க ஆபீசில் குமாஸ்தாவாக இருந்து ஓய்வு பெற்றவர். அவருக்குக் கை நடுக்கம் தொடங்கி, இரண்டு வாரத்துக்கு ஒருமுறை ஆஸ்பத்திரி என்றானபோது வண்டி வாங்குவது என்று முடிவாயிற்று.

முடிவானதுதான் தாமதம், எனக்குப் பேய் பிடித்தது. எந்த வண்டி எத்தனை நாள் உழைக்கும் என்று தெரிந்துகொள்ள சிவாஜிநகரில் உதிரிபாகக் கடை கடையாக ஏறினேன். எந்தக் கம்பெனி சாமான் அதிகம் விற்கிறதோ அந்தக் கம்பெனி வண்டி அதிகம் கெடுகிறது, இதுதான் என் மூளை. கல்லாவில் இருந்த பாய் கேட்டுவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார். "சாப், எந்த வண்டி ரோட்ல ஜாஸ்தி ஓடுதோ அதோட சாமான்தான் ஜாஸ்தி விக்கும். உங்க கணக்குல பாத்தா யாருமே வாங்காத வண்டிதான் ஒஸ்தி. அதையே வாங்கிக்கோங்க, பார்க்கிங்ல ஷோக்கா இருக்கும்." கடையே சிரித்தது. நான் அடுத்த கடைக்குப் போனேன்.

கடைசியில் கணக்கு டீச்சரிடம் வந்து நின்றோம். நூறும் ஒன்று என்று அக்கா சொன்னது மனதில் இருந்தது. பணம் கட்டினோம். ஆயுத பூஜை அன்று டெலிவரி.

அந்த நாள்தான் வேண்டும் என்று கேட்டவர் அப்பா. "முப்பது வருஷம் ஆபீஸ் ஜீப்புக்கு நான்தான்டா குங்குமம் வைப்பேன். ஒருநாள் அதுல உக்காந்தது கிடையாது." இதைச் சொல்லிவிட்டுத் தன் வலது கையைத் தூக்கிப் பார்த்தார். "இந்த வருஷம் கை நிக்குது. அடுத்த வருஷம் தெரியல."

பூஜைக்கு நாலு நாள் இருக்கும்போது அக்கா போன் செய்தார்.

"சார், உங்க வண்டி வந்துச்சு. மஞ்சள் ஒட்டிட்டேன்."

அரை மணியில் அத்திபெலேயில் இருந்தேன். யார்டு திருவிழாவாக இருந்தது. பூஜைக்கு எல்லாருக்கும் வண்டி வேண்டும். ட்ரைவர்கள் ஓடுகிறார்கள், ஒரு சூப்பர்வைசர் கன்னடத்தில் கத்திக்கொண்டிருக்கிறார். அக்கா மட்டும் எங்கள் வண்டிக்குப் பக்கத்தில் ஆடாமல் நின்றார். இடது பின்கதவு. மேல் மூலையில் டிக்கெட்டை வைத்துச் சாத்தினார். இழுத்தார். வெண்ணெயிலிருந்து வருவது போல வந்தது.

"நூறும் ஒண்ணுன்னு சொன்னீங்களே அக்கா."

"நூத்தியொண்ணாவது இதுன்னு வெச்சுக்கோங்க. கதவு ஒரு நூல் வெளிய நிக்குது. பாடி ஷாப்புல விட்டா சரி பண்ணுவாங்க. பூஜை ரஷ்ஷு, பத்து நாளாவும். இல்ல, வேற வண்டி கேளுங்க. அதுவும் பூஜைக்கப்பறம்தான்."

"நீங்களே சரி பண்ண முடியாதா?"

"செக்கர் கையில ஸ்பேனர் இருக்கக் கூடாது சார். யார்டு ரூல் அது. டார்ச்சு மட்டும்தான்."

நான் அப்பாவின் கையைப் பற்றிச் சொன்னேன். ஜீப்பைப் பற்றிச் சொன்னேன். ஒரு மூலை ரப்பர்தானே அக்கா என்றேன். பூஜை முடிந்த மறுவாரமே கொண்டுவந்து பாடி ஷாப்பில் விடுகிறேன், யாருக்கும் தெரியாது என்றேன். நடந்துகொண்டே சொன்னேன். வண்டியைச் சுற்றிச் சுற்றி நான் நடக்க, அவர் நின்ற இடத்தில் நின்று என்னோடு முகத்தை மட்டும் திருப்பிக்கொண்டிருந்தார்.

"எட்டு வருஷமா இந்த எழுத்த நான் சும்னே போட்டது இல்ல சார்."

"எனக்குத் தெரியும்கா."

"மறுவாரம்."

"மறுவாரம்."

மஞ்சள் ஸ்டிக்கரை நகத்தால் உரித்தார். அது முழுசாக வரவில்லை, ஓரத்தில் கொஞ்சம் தங்கியது. அதையும் எச்சில் தொட்டுத் தேய்த்து எடுத்தார். பிறகு சட்டைப் பையிலிருந்து பேனா. வட்டம். வட்டத்துக்குள் எழுத்து. அதை எழுதும்போது அவர் கண்ணை மூடவில்லை. என்னையும் பார்க்கவில்லை.

ஆயுத பூஜை அன்று அப்பா பானெட்டில் மூன்று கோடு விபூதி இட்டார், நடுவில் குங்குமம். கோடு கொஞ்சம் நெளிந்தது. நாலு சக்கரத்தின் கீழும் எலுமிச்சம்பழம் நசுங்கியது. அப்பா இடது பின் சீட்டில் ஏறி உட்கார்ந்து, அவரே கதவைச் சாத்திக்கொண்டார். அதன்பிறகு அது அவர் இடம்.

மறுவாரம் நான் போகவில்லை. ஞாயிறுதோறும் அக்கா போன் செய்வார். வேறு பேச்சு கிடையாது. "டோரு?" அவ்வளவுதான். இந்த வாரம்கா. அடுத்த ஞாயிறு, "டோரு?" திங்கட்கிழமை போயிடறேன்கா. மாதக்கணக்கில் அந்த ஒரே சொல்லை ஒரே குரலில் கேட்டார். எனக்கு ஆயிரம் வேலை. ஒரு வேலையிலும் நான் இருந்ததில்லை, ஆனால் ஆயிரம் வேலை.

கோடை மழை வந்தது. அப்பா வண்டியில் ஏறும்போதெல்லாம் ஒரு துண்டை மடித்து இடது தோளில் போட்டுக்கொள்வதைப் பார்த்தேன். ஏசி காற்றுக்காக என்று நினைத்தேன். ஒருநாள் ஆஸ்பத்திரியிலிருந்து திரும்புகையில் சில்க் போர்டு சிக்னல் நெரிசலில் மழைக்குள் முக்கால் மணி நேரம் நின்றோம். வீட்டில் இறங்கும்போது அந்தத் துண்டை வாங்கினேன். பிழிந்தால் சொட்டியது. சட்டையும் ஒரு பக்கம் முழுக்க ஈரம்.

"என்னப்பா இது?"

"ஜன்னல் கொஞ்சம் திறந்திருந்ததோ என்னவோ. புது வண்டியப் போய் எதுக்குக் குறை சொல்லணும்?"

அன்று தொடங்கிய காய்ச்சல் ஐந்து நாள் இருந்தது. மூன்றாம் நாள் நான் ஷோரூமுக்குப் போனேன். போகிற வழி முழுக்கக் கோபம் ஏறிக்கொண்டே போனது. எனக்கு என் மேல் கோபம் வந்தால் அது எப்போதும் வேறு யாரையாவது தேடிப்போகும். கண்ணாடிக் கதவைத் தள்ளிக்கொண்டு நுழைந்து, கழுத்தில் டை கட்டிய மேனேஜர் எதிரே நின்று கத்தினேன்.

"புது வண்டியில தண்ணி ஒழுகுது. வயசானவர் நனைஞ்சு படுத்திருக்கார். இத செக் பண்ணி அனுப்பினது யாரு? கண்ணு தெரியாதா?"

கத்தி முடித்தபிறகுதான் என்ன கேட்டேன் என்பது காதில் விழுந்தது. அதற்குள் மேனேஜர் ஒரு ஃபைலைத் திறந்துவிட்டார். சீட்டை என் பக்கம் திருப்பினார். மூலையில் வட்டம். வட்டத்துக்குள் எழுத்து.

"எங்க யார்டு செக்கர் சார். நம்பிக்கையான ஆளுதான், எப்படி விட்டாங்கன்னு தெரியல." என் முகத்தில் எதையோ பார்த்திருக்க வேண்டும். "உங்களுக்குத் தெரிஞ்சவங்களா சார்?"

"தெரியாது" என்றேன்.

அந்த ஞாயிறு போன் வரவில்லை. அதற்கடுத்த ஞாயிறும் வரவில்லை. கதவைச் சரிசெய்து தருகிறோம், வண்டியைக் கொண்டுவந்து விடுங்கள் என்று ஷோரூமிலிருந்து இரண்டு முறை அழைத்தார்கள். நான் விடவில்லை. அந்தக் கதவை வேறு ஒரு கை தொடக் கூடாது என்று தோன்றியது, ஏன் என்று கேட்டால் சொல்லத் தெரியாது. மூன்றாவது ஞாயிறு வண்டியை எடுத்துக்கொண்டு நீலசந்திராவுக்குப் போனேன்.

அக்கா வாசலில் முறத்தைக் கவிழ்த்துப்போட்டு அதன்மேல் சோப்புத் தூள் பாக்கெட்டை வைத்துவிட்டு, ரப்பர் செருப்பைக் கழுவிக்கொண்டிருந்தார். விரல் நுனிகள் வெளுத்துச் சுருங்கியிருந்தன.

"வாங்க சார். நான் இப்ப தண்ணி டிபார்ட்மெண்ட்டு. வர்ற வண்டிய எல்லாம் குளிப்பாட்டி விடறேன்."

"அக்கா..."

"அப்பாக்கு எப்படி இருக்குது?"

"காய்ச்சல் விட்டுடுச்சு. நாளைக்கே நான் யார்டுக்கு வர்றேன். நான்தான் கெஞ்சிக் கேட்டேன்னு எழுதியே குடுத்துடறேன்."

அவர் செருப்பைச் சுவரில் சாய்த்து வைத்தார். நேராக இருக்கிறதா என்று பார்த்தார்.

"எழுதிக் குடுத்தா எனக்கு இன்னா பேரு வரும்? கேட்டா போடறவ. இப்ப இன்னா பேரு? கண்ணு மங்கிப்போச்சு. நான் கவனிக்கலன்னு சொல்லிட்டேன் சார். கண்ணு போனவளக் கழுவற வேலைக்குப் போடுவான். கேட்டா போடறவள வெளிய தள்ளிடுவான்."

"நீங்க கவனிக்காம விட்டதே இல்லையேக்கா."

"அது எனக்குத் தெரியும். உங்களுக்குத் தெரியும். போதாது?"

போதாது என்று சொல்ல வாயெடுத்தேன். வேறொன்று வந்தது. "அந்த மேனேஜர் கேட்டப்ப உங்களைத் தெரியாதுன்னு சொல்லிட்டேன்."

"சொன்னாங்க. கஸ்டமருக்கு உன்னத் தெரியாதாம்மான்னாங்க." ஈரக் கையைப் புடவையில் துடைத்தார். "தெரியும்னு சொல்லியிருந்தீங்கன்னா இன்னும் மோசம். அது ஒண்ணாவது சரியா செஞ்சீங்க."

திட்டியிருக்கலாம். தெருவே கேட்கத் திட்டியிருந்தால் நான் நிம்மதியாக வீட்டுக்குப் போயிருப்பேன். அவர் என் காலைப் பார்த்தார், அது ஆடிக்கொண்டிருந்தது. பிறகு என்னைத் தாண்டி வண்டியைப் பார்த்தார்.

"கொண்டாந்தீங்களா? இருங்க."

தெருமுனை ஆட்டோ மெக்கானிக்கிடம் போய் ஒரு ஸ்பேனரோடு வந்தார். இடது பின்கதவைத் திறந்தார். கதவு வந்து கவ்விக்கொள்ளும் இரும்பு வளையம் வண்டியின் தூணில் இரண்டு திருகாணிகளில் நிற்கிறது. அதைப் பேனாவால் சுற்றிக் கோடு போட்டு வைத்துக்கொண்டு, திருகாணிகளைத் தளர்த்தி, வளையத்தைக் கட்டை விரலால் உள்ளே தள்ளினார். ஒரு நூல். இறுக்கினார். சாத்தினார், சத்தத்தைக் கேட்டார், மறுபடி தளர்த்தி, இன்னும் அரை நூல்.

"ஸ்பேனர் எடுக்கக் கூடாதுன்னீங்களே."

"இப்ப நான் செக்கர் இல்லையே."

பத்து நிமிடம் ஆகியிருக்காது. நான் ஏழு மாதமாக ஒத்திப்போட்ட வேலை.

இடுப்பில் செருகியிருந்த சுருக்குப் பையிலிருந்து பஸ் டிக்கெட்டை எடுத்தார். மேல் மூலையில் வைத்தார். சாத்தினார். நான் அந்தச் சத்தத்தைக் கேட்டேன். சின்னச் சத்தம்.

"இழுங்க சார்."

இழுத்தேன். வரவில்லை.

"மெதுவா. அவசரப்படாதீங்க."

இழுத்தேன். கிழிந்தது. பாதி என் கையில், பாதி கதவுக்குள்.

ஒண்ணும் தெரியல என்று சொல்வார் என நின்றேன். சொல்லவில்லை. என் கையிலிருந்த பாதி டிக்கெட்டை வாங்கினார். வண்டிக் கூரையில் வைத்திருந்த பேனாவை எடுத்து, வண்டியின் மேலேயே வைத்து, அதன் பின்பக்கம் வட்டம் போட்டார். வட்டத்துக்குள் எழுத்தை எழுதினார். கொடுத்தார்.

"அன்னிக்குப் போட்டது சீட்டு. இதுதான் கையெழுத்து."

ஸ்பேனரைத் திருப்பிக் கொடுக்க முனைக்கு நடந்தார். நான் கிளம்பினேன்.

சில்க் போர்டு வருமுன் மழை பிடித்துக்கொண்டது. எல்லா வண்டிகளும் நின்றன. ஓட்டுநர் இருக்கையிலிருந்து கையைப் பின்னால் நீட்டி, அப்பா உட்கார்கிற இடத்தைத் தொட்டுப் பார்த்தேன். காய்ந்திருந்தது. கொஞ்சம் பொறுத்து மறுபடி தொட்டேன். காய்ந்திருந்தது. சிக்னல் விழுந்து பின்னாலிருந்தவர்கள் ஹார்ன் அடித்துக் கத்தும் வரைக்கும் கையை எடுக்க முடியவில்லை.